அடுத்த பாடத்தில் இருந்த காற்று

ஜஹீதா டீச்சருக்குக் கவிழ்த்து வைத்த தம்ளரைக் கண்டால் ஆகாது. கல்யாணப் பந்தியில்கூட எழுந்து போய் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைப்பாள். கிறுக்கு என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்!

நாற்பத்திரண்டாம் வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சித்திரையில் பாதிப் பட்டணம் மூட்டை கட்டியது. ஆடியில் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்தது. மயிலாப்பூரில் அவள் வேலை பார்த்த பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடமும் திறந்தது. நாலாம் வகுப்புக்குக் காற்று மண்டலம் பாடம். பூமி போர்த்திக்கொண்டிருக்கிற போர்வை அது, பகலில் பொசுங்காமலும் ராத்திரியில் விறைத்துப்போகாமலும் நம்மைக் காப்பது அது, அது இல்லாவிட்டால் மழை ஏது, மூச்சு ஏது என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

சரி என்று ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். தம்ளருக்குள் காகிதத்தைத் திணித்து, தலைகீழாகத் தண்ணீரில் அமுக்கி, வெளியே எடுத்துக் காட்டினாள். காகிதம் நனையவில்லை. உள்ளே இருந்த காற்று தண்ணீரை விடவில்லை, காலி என்று எதுவுமே கிடையாது, எல்லா இடத்திலும் காற்று இருக்கிறது என்றாள். வகுப்பே வாயைப் பிளந்தது. கெங்கம்மா மட்டும் எழுந்து நின்றாள். அவள் கிணறு தூர் வாருகிற முனியனின் மகள்.

"கெணத்துக்குள்ளகூடவா டீச்சர்?"

"கெணத்துக்குள்ளயும்தான்" என்றாள் ஜஹீதா, பெருமையாக. மணி அடித்துவிட்டது. மூடிய இடத்தில் தேங்கி ஆளைக் கொல்லுகிற கெட்ட காற்றைப் பற்றி அடுத்த பாடத்தில் வரும்.

அடுத்த பாடத்துக்குக் கெங்கம்மா வரவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு ஜஹீதா அவள் வீட்டைத் தேடிப் போனாள். தாய் முத்தம்மா வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தாள். லஸ் பக்கம் வக்கீல் பத்ரிநாராயணன் வீட்டில், நாலு மாதம் பலகை போட்டு மூடிக்கிடந்த கிணற்றில் இறங்கிய முனியன் பிணமாகத்தான் வெளியே வந்தான். கிணற்றில் இருந்த முனி அடித்துவிட்டது என்று தெருவே பேசியது.

முத்தம்மா குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னாள். இறங்குவதற்கு முன்னால் லாந்தரை ஏற்றிக் கிணற்றுக்குள் விட்டுப் பார்ப்பது முனியனின் பழக்கம், அணைந்தால் இறங்கமாட்டான். மற்றவர்கள் அதற்காக அவனைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வார்கள். பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதோடு கிருஷ்ணாயிலும் போயிற்றே, அன்றைக்கு லாந்தரில் சொட்டு எண்ணெய் இல்லை. அவன் யோசித்துக்கொண்டு நின்றபோது, சோறு கொண்டுபோன கெங்கம்மா சொல்லியிருக்கிறாள், உள்ளே காற்று இருக்கிறது, டீச்சர் சொன்னார்கள் என்று. மகளின் படிப்பைப் பார்த்துப் பூரித்துப்போய் அவன் இறங்கியிருக்கிறான்.

"முனின்னே இருந்துட்டுப் போட்டும் டீச்சரம்மா. பொண்ணு பேச்சக் கேட்டுப் பூட்டான்னு ஒருத்தன் வாயில வந்துட்டா, இது உசுரோட இருக்குமா?"

ஜஹீதா திரும்பிப் பார்த்தாள். கதவோரம் கெங்கம்மா கன்னத்தை உப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நின்றாள். கண் பிதுங்குகிற வரைக்கும் அப்படி நிற்கிறாளாம், தினம்.

அதற்குள் முனியனின் தம்பி பாண்டுரங்கன் வந்தான். வெள்ளிக்கிழமை அதே கிணற்றில் அவன் இறங்கப்போகிறானாம். கிணற்று மேட்டில் கோழி அறுத்துச் சூடம் கொளுத்தினால் முனி அடங்கிவிடுமாம். அது முனி இல்லை, கெட்ட காற்று என்று ஜஹீதா சொல்லிப் பார்த்தாள்.

"காத்து ஆள அடிக்குமா? அப்பிடின்னா எங்கண்ணன் அன்னிக்கி மட்டும் வெளக்கு எறக்காம ஏன் எறங்கினான்? யாரு இன்னா சொன்னது?"

கதவோரம் மூச்சுச் சத்தமே இல்லை. உண்மையைச் சொன்னால் பெண் போய்விடுவாள், சொல்லாவிட்டால் இவன் போய்விடுவான்.  வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பாளே, அதை ஜஹீதாவே சொன்னாள். சூடத்தை மேட்டில் வைத்தால் முனிக்கு எப்படித் தெரியும்? தட்டில் ஏற்றிக் கயிறு கட்டி அடி வரைக்கும் இறக்க வேண்டும். அணைந்தால் முனி உத்தரவு தரவில்லை. வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் வீசி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடியும் இறக்க வேண்டும். சூடம் நின்று எரிந்தால்தான் கால் வைக்கலாம்.

பாண்டுரங்கன் கையெடுத்துக் கும்பிட்டான். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளும் போனாள். முத்தம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சூடத்தட்டு பாதிக் கிணறுகூடப் போகவில்லை, பொசுக்கென்று அணைந்தது. முனி, முனி என்று ஆட்கள் பின்வாங்கினார்கள். வேப்பங்கொத்து வீசினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். நாலாவது தடவை சூடம் அடியில் நின்று எரிந்தது. பாண்டுரங்கன் இறங்கி, சேற்றோடு உயிரோடு மேலே வந்தான்.

கெங்கம்மா டீச்சரின் முந்தானையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"முனி இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும்ல டீச்சர்?"

"தெரியும்."

"அப்ப நான்தானே நைனாவ எறக்கினேன்?"

ஜஹீதா அவள் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தாள். "நீ இல்ல கண்ணு. நான் பாதிதான் சொல்லிக் குடுத்தேன். மீதி எனக்குத் தெரியும். மணி அடிச்சிருச்சு, அடுத்த பாடத்துல சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

பிடித்து வைத்திருந்த மூச்சு அந்தப் பிள்ளையிடமிருந்து உடைந்துகொண்டு வந்தது. அப்பன் செத்து அன்றைக்குத்தான் அழுதாள். டீச்சரின் தோளில் அறைந்து அறைந்து அழுதாள். ஜஹீதா வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் தூர் வாருகிறவர்கள் முனிக்குச் சூடம் இறக்குவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். அது தன்னுடைய பொய் என்று ஜஹீதா வேறு யாரிடமும் சொல்லவில்லை. வருஷா வருஷம் தம்ளர் பாடம் நடத்துகிற அன்றைக்கு மட்டும், மணி அடித்தாலும் பிள்ளைகளை வீட்டுக்கு விடமாட்டாள். பசிக்குது டீச்சர் என்று முனகுவார்கள், வாசலில் தாய்மார்கள் சண்டைக்கு வருவார்கள். அடுத்த பாடத்தையும் முடித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். அப்போதும் கடைசி பெஞ்சிலிருந்து யாரோ, கெணத்துக்குள்ளகூடவா டீச்சர் என்று கேட்பது அவள் காதில் விழும். நிமிர்ந்து பார்ப்பாள். யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள்.