சத்தம் வராத வகுப்பு

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு என் மானம் கப்பலேறியது. ராயபுரத்தில் கப்பலுக்கா பஞ்சம்?

மகள் வசந்தா சிலேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆபீஸ் போகும் வழியில் கொடுக்கப் போனேன். இரண்டாம் வகுப்பு மொத்தமும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு பாய். அதில் மேரி டீச்சர், சுற்றிலும் ஐந்தே ஐந்து குழந்தைகள். ஒவ்வொருவராகப் படிக்கிறார்கள். வசந்தாவின் முறை வந்தது.

டீச்சர் புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திருப்பி நீட்டினார். என் மகள் கணீரென்று ஆரம்பித்தாள் – முதல் பக்கத்தை!

வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் புத்தகம் முழுக்கப் படித்துக் காட்டுவாளே... எல்லாம் மனப்பாடமா? போன வருஷம் முழுக்க அறுபது பேரோடு சேர்ந்து கத்தினாள். அந்தக் கூச்சலில் யாருக்கு எழுத்து தெரியும், யார் சும்மா வாயசைக்கிறார்கள் என்று எவர் கண்டது?

"பயப்படாதே. விரலை வச்சுப் பாரு. இது என்ன எழுத்து?" என்றார் டீச்சர்.

வசந்தா திக்கினாள். பக்கத்திலிருந்த தனம், மீன்காரி அஞ்சலையின் மகள், அவள் விரலைப் பிடித்துச் சரியான வரியில் வைத்தாள். ஒரு நிமிஷம் கழித்து என் மகள் ஒரே ஒரு வார்த்தையைத் தானாகப் படித்தாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அப்போதுதான் ஹெட்மாஸ்டர் உள்ளே வந்தார்.

"டீச்சர், பாயைச் சுருட்டுங்க. தெருவுக்குக் கேக்கற மாதிரி எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும். ஸ்கூல் நடக்குதா, லீவான்னு ஊரே கேக்குது." என்னைப் பார்த்ததும் சிரித்தார். "சாரே போன மாசம் வந்து சொன்னாரே!"

சொன்னேன். மறுக்கவில்லை. 'வகுப்பிலிருந்து சத்தமே வரவில்லையே, டீச்சர் தூங்குகிறாரா?' என்று கேட்ட மேதாவி நானேதான். சங்கு ஊதினால் ஆலை ஓடுகிறது, பிள்ளைகள் கத்தினால் படிப்பு ஓடுகிறது – இதுதானே எங்கள் பேட்டையின் கணக்கு? கண்ணால் படிக்க வேண்டிய படிப்பைக் காதால் அளக்கிறோம். படித்தவன் என்று வேறு சொல்லிக்கொள்கிறேன். வெட்கக்கேடு!

"என் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார்" என்றேன்.

"நீங்க ஒருத்தர் வாங்கினா ஆச்சா? கடைத்தெருவே சொல்லுது."

டீச்சர் குனிந்து பாயின் ஓரத்தைப் பிடித்தார். குழந்தைகள் எழுந்து நின்றார்கள். பாய் பாதி சுருண்டுவிட்டது.

மகளுக்கு ஆப்பம் கொடுக்க வந்த அஞ்சலை, காலிக் கூடையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கூடையைத் தொப்பென்று இறக்கினாள்.

"இன்னா சார் பேசினுகீற? நேத்து டோல்கேட்டாண்ட தப்பு பஸ்ல ஏறப் பூட்டேன். எம் பொண்ணு போர்டைப் படிச்சிட்டு, 'யம்மா, இது எண்ணூர் போவுது'ன்னு இஸ்து எறக்கிச்சு. உனக்கு சத்தம்தான வோணும்? வாசல்ல நின்னு நான் கத்தறேன். நீ பாயை விரி டீச்சரம்மா!"