அம்மாவின் வலது கால்

அம்மா இல்லாத முதல் ஆண்டு இன்றோடு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய படத்தை மார்பளவில்தான் அச்சிட்டிருக்கிறோம். முழு உருவமாகப் போடக்கூடாதா என்று உறவினர் சிலர் கேட்டார்கள். கடைசியாக எடுத்த படங்களில் அம்மாவுக்கு வலது கால் இல்லை. ஏன் இல்லை என்பதை மகனாகிய நான் எழுதியே ஆக வேண்டும்.

அம்மா குரங்கணியில் பிறந்தவர். வாழ்க்கைப்பட்டது போடியில். அப்பா காலமானபோது எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு ஆறு. மறுமாதமே அம்மா ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் ஏறிவிட்டார். செடியின் தூரில் குனிந்து குனிந்து காய் எடுக்கும் வேலை. விடியலில் மலையேறினால் பொழுதுசாயத்தான் இறங்குவார். அந்தக் கூலியில்தான் தங்கையை நர்சிங் படிக்க வைத்தார். என்னையும் படிக்க வைக்கப் பார்த்தார். நான்தான் ஜீப் ஓட்டப் போனேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் பல வருடமாக உண்டு. பிறகு ஏற்றத்தில் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. நின்றால் வலி போகும், நடந்தால் திரும்ப வரும். "என்ன ஆத்தா, சோலி பாக்க வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?" என்று கங்காணி ஒருநாள் என் முன்னாலேயே கேட்டார். ஜீப்பில் உட்கார்ந்திருந்த நானும் சேர்ந்து சிரித்தேன்.

வலது கால் பெருவிரலில் ஆறாத புண் வந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கி அடைத்திருக்கிறது என்றார்கள். தேனியில் செவிலியராக இருக்கும் தங்கை நீண்ட விடுப்பு எடுத்து வந்து என் வீட்டில் தங்கினாள். தினமும் பாதத்தின்மேல் விரல் வைத்து நாடி பார்ப்பாள். வெதுவெதுப்பான நீரைத் தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்த பிறகே காலைக் கழுவுவாள். விரலிடுக்குகளை ஒற்றித் துடைப்பாள். தலையணைமேல் காலைத் தூக்கி வைக்க விடமாட்டாள். ரத்தம் இறங்கட்டும் என்று கட்டிலிலிருந்து தொங்கவிடச் சொல்வாள். நான்கு மாதத்தில் புண் மிளகளவுக்குச் சுருங்கியது.

விடுப்பு முடிந்து கிளம்பும்போது என்னை உட்காரவைத்துச் சொன்னாள்:

"அண்ணே, கால் ஜில்லுன்னுதான் இருக்கும். சாக்ஸ் போட்டுவிடு, கம்பளி போத்திவிடு. சுடுதண்ணி, ஒத்தடம் எதுவும் கூடாது. அந்தக் காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும்."

"சரித்தா" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, அடைமழை பெய்த ஒரு பகலில் அம்மா, "காலு கட்டையாட்டம் கெடக்குய்யா, கொஞ்சம் சூடு வையேன்" என்றார். பார்க்க வந்திருந்த உறவினர் இருவர், "நர்சு சொன்னா ஆச்சா? ஒத்தடம் குடுக்காம என்ன வைத்தியம்? வெரசா வையப்பா" என்றார்கள். ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பிப் பாதத்தில் வைத்துத் துணியைச் சுற்றினேன்.

"மகன் கை பட்டதே சொகந்தான்" என்றார் அம்மா.

ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்தபோது தோல் துணியோடு வந்தது. அம்மா முனகக்கூட இல்லை. வலி தெரிந்தால்தானே.

பாதம் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும், "எனக்காகத்தானய்யா செஞ்ச" என்றார். அந்த வார்த்தை இன்றுவரை எனக்கு ஆறுதலாக இல்லை. கிருமி ரத்தத்தில் கலந்து, இருபதாம் நாள் அம்மா போய்விட்டார்.

வெட்டிய காலுக்கு முகம் சுளிக்காமல் கட்டுப்போட்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த ஜீப் ஓட்டுநர்களுக்கும், அத்தனை நாளும் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஒத்தடம் சொன்ன இருவரும் பதினாறாம் நாள் பந்தியில் வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் இந்த மலர் போய்ச் சேரும்.

தங்கை இந்த ஓராண்டாக என்னிடம் பேசவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையை அவளுக்குத் தபாலில் அனுப்பினேன். கடைசி வரியில், "தெரியாமல் செய்த பிழைக்கு அம்மா என்னை மன்னிக்கட்டும்" என்று எழுதியிருந்தேன். 'தெரியாமல்' என்ற ஒரு சொல்லை மட்டும் பேனாவால் அடித்துத் திருப்பி அனுப்பினாள்.

அவள் திருத்தியபடியே அச்சிடச் சொல்லிவிட்டேன்: செய்த பிழைக்கு அம்மா என்னை மன்னிக்கட்டும்.