மார்க்கர் வென்ற ஆட்டம்

1943. ஞாயிறு மாலை. மலாக்கா, காஜா பேராங்குக்கு அருகில் ஒரு டென்னிஸ் மன்றத்தின் திடல். ஆடியவர்கள்: ஜப்பானிய அதிகாரி ஒருவர், மன்றத்தின் மார்க்கர். ஒரே செட். ஆறுக்கு மூன்று. வென்றவர் மார்க்கர்.

அந்த மார்க்கர் என் அண்ணன். மன்ற உறுப்பினர்களோடு ஆடுவதற்கென்றே சம்பளம் பெறும் ஆட்டக்காரரை அப்படித்தான் அழைப்பார்கள். வெள்ளைக்காரத் துரைகளோடு ஐந்து ஆண்டுகள் ஆடிய அவர் ஒரு நாளும் வென்றதில்லை. நெருங்கி வந்து கடைசிப் பந்தில் தோற்பார். அவருக்கு ஆட வராது என்பது ஒன்பது வயதில் என் உறுதியான முடிவு. "தோத்தாங்குளி" என்று முகத்துக்கு நேரே சொல்வேன், சிரிப்பார்.

ஜப்பானியர் ஊரைப் பிடித்த மறு ஆண்டு, டென்னிஸ் பித்துக் கொண்ட அதிகாரி ஒருவர் அவரை ஆட அழைத்தார். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். போனவர்களைப் பற்றித் தகவல் வருவதில்லை.

"தொரமாருக்குத் தோத்த மாதிரியே இவனுக்கும் தோத்துட்டு வந்துருய்யா," என்றார் அம்மா.

அண்ணன் அப்படியே செய்தார். அதிகாரி அடிப்பதற்கு இதமாகப் பந்தைத் தூக்கிக் கொடுத்தார். மூன்று கேம் போயிற்று. அதிகாரி வலையருகே வந்து அண்ணனை ஓங்கி அறைந்தார்.

"ஒங்கிட்ட பிச்சையா கேட்டேங்கிறாரு," என்றார் அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளர். "ஒழுங்கா ஆடலன்னா நாளைக்கே சயாம் லோரிதானாம், தம்பி."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். வேலிக்கு வெளியே நின்ற அம்மா முந்தானையை இடுப்பில் செருகினார்.

"அடிச்சுத் தொலைடா!"

அடுத்த ஆறு கேம்களும் அண்ணனுடையவை. பந்து கோட்டின்மேல் விழுந்து சுண்ணாம்பைக் கிளப்பியது. அதிகாரி இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கம். முன்னே வந்தால் தலைக்கு மேல். கடைசிப் பந்தை அவர் தொடவே இல்லை. அதிகாரி மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். அதன் பிறகே வேலியோரம் கைதட்டல் வெடித்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம், எதிர்ப்பட்டவர்களிடம் "எங்கண்ணன் சாம்பியன்!" என்று கூவினேன்.

"இத்தன நாளா இந்த ஆட்டத்த எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்கண்ணே?"

"சம்பளம் வாங்கிக்கிட்டு எப்படிடா ஜெயிக்கிறது?"

அந்தப் பதில் எனக்கு விளங்கவில்லை. அறை வாங்கியதும் ஆட வந்துவிட்டது என்றே எண்ணிக்கொண்டேன். வெள்ளையர் திரும்பிய பின் அவர் மறுபடியும் பல ஆண்டுகள் தோற்றார். ஒவ்வொரு தோல்வியும் எத்தனை துல்லியமாக அடிக்கப்பட்டது என்பதை நான் கவனித்ததில்லை.

சென்ற வாரம் காலமானார். நான் இன்னும் செய்யாமல் இருப்பவை:

உஜோங் பாசிரில் உள்ள அவர் மகளிடம் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்வது. அவளுக்குத் தெரியாது.

திடலில் அவர் அணிந்த வெள்ளைக் கால்சட்டைகளை யாருக்காவது கொடுப்பது.

கருமாதி அறிவிப்பில், பெயருக்குக் கீழே, அவருடைய தொழிலை எழுதுவது.