கும்பத்துக்கு ஒரு இடமாற்றம்

எங்க ஊட்டுக்காரருக்கும் எங்க பொண்ணுக்கும் ஒரே ராசி, கும்பம். நான் ரிஷபம். ஜனவரி ஒண்ணாந்தேதி காலையில அவரு ராசிபலன் படிக்க உட்கார்ந்தா, கும்பத்தை நிறுத்தி நிதானமாப் படிப்பாரு. என்னோடது வர்றப்ப மட்டும் பஸ்ஸுக்கு நேரமான மாதிரி ஓட்டிட்டு, "உனக்குப் பொறுமை வேணுமாம் புள்ள"ன்னு முடிச்சிருவாரு. பொறுமை இல்லாமத்தான் இந்த மனுசனோட இத்தனை வருஷம் குப்பை கொட்டிட்டு இருக்கேனா?

அவரு தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டர். எனக்கு ஏற்காடு ஏரிக்கிட்ட ஒரு பஜ்ஜிக் கடை. டிசம்பர் கடைசியில பஸ் ஸ்டாண்டுக் கடையில ராசிபலன் புத்தகம் தொங்க ஆரம்பிச்சதும் வாங்கிட்டு வந்துருவாரு. வாங்கினாலும் ஒண்ணாந்தேதி வரைக்கும் தொறக்க மாட்டாரு. அன்னிக்குப் படிச்சு, அதுல போட்டிருக்கறதுக்குத் தக்கன அந்த வருஷம் என்ன செய்யணும்னு அப்பனும் மகளும் முடிவு பண்ணுவாங்க. ஒரு வருஷம் பாதத்துல உபாதைன்னு போட்டிருந்துச்சு. ரெண்டு பேரும் சாக்ஸ் வாங்கி மாட்டிக்கிட்டு ஊட்டுக்குள்ளயே நடந்தாங்க. இன்னொரு வருஷம் விரயம்னு இருந்துச்சு. வீணாப் போறதுக்கு முன்னாடி நாமளே நல்லதுக்குச் செலவு பண்ணிட்டா கழிஞ்சிரும்னு பொண்ணுக்குத் தோடு வாங்கிக் கொடுத்தாரு. வர்றது எதுவா இருந்தாலும் நாமளா முன்னாடி போயி சின்னதாச் செஞ்சுக்கிட்டா பெருசா வராதாம். ஒரே ராசிங்கறதால, ஒருத்தர் செஞ்சா ரெண்டு பேருக்கும் கழிஞ்ச மாதிரியாம். இதையெல்லாம் எந்த ஜோசியரும் சொல்லலை. எல்லாம் அவரே கண்டுபிடிச்சது.

பொண்ணு நர்சுக்குப் படிச்சுட்டு சேலத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில வேலை பார்த்துட்டு இருந்தா. காலையில பஸ்ஸுல மலை எறங்கி, பொழுது சாய ஏறி வருவா. ஒரு கார்த்திகையில ஐதராபாத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ முடிச்சிருந்தா. ஆர்டர் வந்தாக் கெளம்ப வேண்டியதுதான். அவரு வேணாம்னும் சொல்லலை, சரின்னும் சொல்லலை. "சேலத்துல இல்லாத ஆஸ்பத்திரியா?"ன்னு துண்டை ஒதறி ஒதறிப் போட்டுக்குவாரு. எனக்கும் அவளை அவ்வளவு தூரம் அனுப்ப மனசில்லைதான். ஆனா அந்த வேலையைப் பத்திப் பேசறப்ப அவ மொகத்தைப் பார்த்தா, போயிட்டு வரட்டும்னுதான் தோணும்.

அடுத்து வந்த ஜனவரி ஒண்ணாந்தேதி புத்தகத்தைத் தொறந்தாரு. "கும்ப ராசிக்காரர்களுக்கு இந்த ஆண்டு இடமாற்றம் உண்டாகும்"னு படிச்சவரு, அப்படியே நிறுத்திட்டாரு.

"அப்பா! ஆர்டர் வரப்போகுதுங்கப்பா!"ன்னு அவ குதிச்சா.

அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "நம்ம ராசிக்குன்னுதான் போட்டிருக்குது கண்ணு. ஆருக்குன்னு போடலையே"ன்னாரு.

புதுவருஷக் கூட்டத்துல அன்னிக்குக் கடையில எனக்கு மூச்சு விட நேரமில்லை. இருட்டுன பொறவு ஊட்டுக்கு வந்தா, அவரு கட்டிலைக் காணோம். பின்னாடி காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கற தகரக் கொட்டாயில போட்டு, மப்ளரைச் சுத்திக்கிட்டு ஜம்முன்னு உட்கார்ந்திருக்காரு.

"ஏனுங்க, என்ன கூத்து இது?"

"இடமாற்றம் புள்ள. நான் மாறியாச்சு. கும்பத்துக்கு இந்த வருஷம் அவ்வளவுதான்."

எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. நாளைக்கு வந்துருவாருன்னு நெனைச்சேன். வரலை. மார்கழிக் குளுருல, தகரத்துல பனி சொட்டச் சொட்ட, இருமிக்கிட்டே அங்கயே படுத்தாரு. பொண்ணும் மொதல்ல, "அப்பாவுக்குப் புது போஸ்டிங்"னு கேலி பண்ணி காப்பி கொண்டுபோயிக் கொடுத்தா. பொங்கல் வந்துச்சு, போச்சு. ஆர்டர் வரலை. கூட இன்டர்வியூவுக்குப் போன சிநேகிதிக்கு வந்துருச்சு. அப்புறம் அவ கேலி பண்ணறதை விட்டுட்டா. பஸ் எறங்கி வந்ததும் பையைக்கூட வெக்காம, கொட்டாயில கட்டில் இருக்கான்னு எட்டிப் பார்ப்பா.

ஒரு நாள் அடுப்புகிட்ட வந்து உட்கார்ந்து அழுதுட்டா. "அது எனக்கு வந்த இடமாற்றம்மா. அப்பா எடுத்துக்கிட்டாரு."

"அடி பைத்தியமே! ஊசி போடற புள்ள பேசற பேச்சா இது?"ன்னு சத்தம் போட்டேன். போட்டுட்டு அவ காதைப் பார்த்தேன். விரயத்துக்கு வாங்கின அதே தோடு. அப்பன் சொன்னதையெல்லாம் நம்பி வளர்ந்தவ, இதை மட்டும் எப்படி நம்பாம இருப்பா?

கரண்டியோடவே கொட்டாய்க்குப் போனேன். "ஏனுங்க, உங்க கும்பம் அங்க அழுதுட்டு இருக்குது. அவளோட இடமாற்றத்தை நீங்க புடுங்கிக்கிட்டீங்களாம். கேளுங்க போயி!"

மனுசன் சண்டைக்கு வருவாருன்னு பார்த்தேன். "அழுதாளா?"ன்னு மட்டும் கேட்டாரு.  அப்புறம் எந்திரிச்சுப் பாயைச் சுருட்டி, கட்டிலைத் தனியா இழுக்க ஆரம்பிச்சாரு. சத்தம் கேட்டுப் பொண்ணு ஓடியாந்தா.

"எதுக்குங்கப்பா?"

"குளுருது கண்ணு."

"நேத்து வரைக்கும் குளுரலையா?"

அவரு கட்டிலை இன்னொரு இழுப்பு இழுத்தாரு. அவ அந்தப் பக்கம் போயி கட்டில் காலைப் புடிச்சா. ரெண்டு பேரும் தூக்கிட்டு வந்து பழைய எடத்துல போட்டாங்க. அவரு அதுமேல உட்கார்ந்து, மோட்டுவளையைப் பார்த்துச் சத்தமாச் சொன்னாரு: "கேட்டுக்குங்க சாமி. நான் எங்கயும் மாறலை. இருந்த எடத்துலயேதான் இருக்கேன். மாறப்போறது எம் பொண்ணுதான்."

அவ அழுதுக்கிட்டே சிரிச்சா. நான் கரண்டியோட நின்னுட்டு இருந்தேன். அந்த மனுசன்மேல எனக்கு அன்னிக்கு வந்த ஆசையைச் சொன்னா வெக்கக்கேடு.

மாசியில ஆர்டர் வந்துச்சு. கட்டிலாலயா, அந்த ஆஸ்பத்திரிக்காரங்க மெதுவா வேலை செய்யறவங்களான்னு நான் கேக்கப் போகலை. பஸ் ஸ்டாண்டுல பொட்டியை ஏத்திவிட்டுட்டு, பஸ் திரும்பற வரைக்கும் கையை ஆட்டிட்டு வந்தோம். தெனமும் போன் பண்ணினா அவ மொதல்ல கேக்கறது, "அப்பா, உள்ளதானே படுக்கறீங்க?"

ஐப்பசியில நொம்ப மழை. ஓடு நகர்ந்து, சரியா அவரு கட்டிலுக்கு மேல ஒழுகுது. "ஏனுங்க, கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமில்ல?"ன்னேன்.

"வேணாம் புள்ள. வருஷம் முடியட்டும். அவ அங்க நல்லா இருக்கா"ன்னாரு. கால்மாட்டுல ஒரு குண்டானை வெச்சுட்டு, நனையாத பக்கமா ஒடம்பைக் குறுக்கிப் படுத்துக்கிட்டாரு.