கவிழ்ந்த குருவித் தோரணம்

கிளிநொச்சிச் சந்தையில் இப்போது பிளாஸ்டிக் தோரணம் விற்கிறார்கள். குருத்தோலை ஞாயிறுக்குத் தேவாலய வாசலில் கட்டவென்று போன கிழமை ஒரு கட்டு வாங்கினேன். "கலியாணத்துக்கும் இதுதான், செத்தவீட்டுக்கும் இதுதான்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து மோந்து பார்த்தேன். புது வாளியின் மணம். எனக்கோ உடனே மீன் மணம் நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

போர் முடிந்து ஊரில் மீள்குடியேறி இரண்டாம் வருடம் அது. உருத்திரபுரத்துப் பக்கம் ஒரு தகரக் கொட்டில்தான் எங்கள் தேவாலயம். நான் புதிதாக வேலை கிடைத்த ஆசிரியை. குருத்தோலை ஞாயிறு அலங்காரப் பொறுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். நான் ஓலையில் மடிக்கிற சிலுவை எந்தப் பக்கம் பிடித்தாலும் சிலுவை மாதிரி இருக்காது. என் அவதியைப் பார்த்த பக்கத்துக் காணிச் சிவபாதம் அண்ணை, "விடுங்கோ ரீச்சர், கோயிலுக்கு வாற ஒழுங்கைக்குத் தோரணம் நான் கட்டிறன்" என்றார். சைவக்காரர், வயல் செய்கிறவர். சொன்னபடி விடியவே கட்டியும் விட்டார்.

எங்கள் பக்கத்தில் தோரணத்தைப் பார்த்தே வீட்டுச் சங்கதியை அறிந்துகொள்வார்கள். ஓலையில் மடிக்கிற குருவி நிமிர்ந்திருந்தால் நல்ல காரியம், கவிழ்ந்திருந்தால் சாவு. அன்று ஒழுங்கை முழுக்கக் குருவிகள் கவிழ்ந்து தொங்கின. தீர்த்தச் செம்பைத் தேடி ஓடித்திரிந்ததில் நான் கவனிக்கவில்லை. பிலோமினா அக்கா கவனித்தார்.

அக்காவின் மகன் அன்ரன் போர் முடிந்ததிலிருந்து தடுப்பு முகாமில் இருந்தான். அந்த ஞாயிறு விட்டுவிடுவார்கள் என்று தகவல் வந்திருந்தது. முன்பும் அப்படித் தகவல் வந்து, ஆள் வராமல் போனதுண்டு. பஸ் சத்தம் கேட்டால் போதும், அக்கா அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு வாசல் படலைக்கு ஓடுவார்.

ஒழுங்கை முகப்பிலேயே அவர் மணலில் தொப்பென்று இருந்துவிட்டார்.

"ஆர் செத்தது? என்ர பிள்ளையே?"

"ஒருத்தரும் சாகேல்லை அக்கா!" என்று ஓடிப்போய்ச் சொன்னோம்.

"எனக்கு ஒளிக்கிறியள்."

அந்தக் காலத்தில் சாவுச் செய்தியை ஒளித்து ஒளித்துத்தான் சொல்வோம். அதனால் எங்கள் ஒருவருடைய சொல்லையும் அவர் நம்பவில்லை. உண்மையிலேயே ஏதும் நடந்து, எனக்கு மட்டும் தெரியாதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பூசைக்கு வந்திருந்த பாதர், சிவபாதம் அண்ணையைக் கூப்பிட்டு விசாரித்தார். அண்ணை தலையைச் சொறிந்தார். "போன வருசம் நானும் வந்து பின்னுக்கு நிண்டனான் பாதர். ஆண்டவர் சாகிற கதைதானே வாசிச்சவை? அதுக்கேத்த மாதிரித்தான் கட்டினனான்." அவரில் என்ன பிழை? அன்றைக்கு இயேசு பாடுபட்டு மரித்த வரலாற்றையும் வாசிக்கிறோம்தானே.

பாதர் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தினார். "இஞ்ச பாருங்கோ அம்மா, இது வரவேற்கிற நாள். சனம் சண்டைக் குதிரையில வாற ராசாவைப் பாத்துக்கொண்டிருந்தது. மெசியா சமாதானத்தோட கழுதையில வருவார் எண்டு செக்கரியா தீர்க்கதரிசி முன்னமே சொல்லிப்போட்டார். அப்பிடியேதான் வந்தவர். ஓசன்னா எண்டால், எங்களைக் காப்பாத்தும் எண்டு அர்த்தம்."

"அப்ப காப்பாத்தச் சொல்லுங்கோ" என்றார் அக்கா. கோபமாகத்தான் சொன்னார்.

சிவபாதம் அண்ணை ஓடியோடித் தோரணங்களை அறுத்தார். பவனி புறப்பட்டது. அக்கா ஓலையை உயர்த்தவேயில்லை. எங்களுக்கும் பாட்டு வாய்விட்டு வரவில்லை. அப்போதுதான் எதிரே மீன்காரர் ஹோண் அடித்துக்கொண்டு வந்தார். ஞாயிறென்று பஸ் ஓடவில்லை. கரடிப்போக்குச் சந்தியில் நின்ற ஒருவனைச் சைக்கிளில் ஏற்றி வந்திருந்தார். பின்னுக்கு மீன் பெட்டி. முன்னுக்கு, பாரில், மெலிந்துபோன அன்ரன்.

அக்கா ஓடிப்போய் மீன் மணத்தோடு அவனைக் கட்டிப்பிடித்தார். முதலில் "ஓசன்னா!" என்று கத்தியவர் சிவபாதம் அண்ணைதான். சைவக்காரர் தொடங்க, நாங்கள் பின்பாட்டுப் பாடினோம். அன்று வந்த நிம்மதியில் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகவே வந்தன.

மீன்காரர் இப்போது மோட்டார் சைக்கிளில் வருகிறார். தகரக் கொட்டில் போய்க் கல் கட்டடம் வந்துவிட்டது. இந்த ஞாயிறு பிளாஸ்டிக் தோரணத்தின் கீழே பிலோமினா அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். அன்ரனின் மகளுக்கு ஓலைச் சிலுவை மடித்துக்கொண்டிருந்தார். தெருவால் பஸ் ஒன்று போனது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.