நெற்றிப்பொட்டில் ஒரு ஸ்கேன்

இரண்டு வருடங்களுக்கு முன், கல்யாணமாகிச் சென்னைப் பக்கம் காட்டுப்பாக்கம் வந்த புதிதில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். மாமனார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் இல்லாத வீடு. வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும், மாமாவுக்குப் பிடிக்குமே என்று சப்பாத்தி போட்டு வைப்பேன். கொஞ்ச நாளாக அதில் பாதியைக்கூட அவர் சாப்பிடவில்லை. "போதும்மா, வயிறு ரொம்பிட்ச்சு" என்று எழுந்துவிடுவார். என் சமையல் பிடிக்கவில்லை என்று நானே முடிவுகட்டி, ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தலைவலி என்று அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டதையும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "வலது கண்ல திரை வுட்ட மாரி கீதும்மா" என்றார். சில நிமிடங்களில் சரியாகிவிட்டது. வேண்டாம் என்றவரை விடாமல், ஆட்டோ பிடித்துப் பூந்தமல்லியில் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

கண்ணைச் சோதித்த டாக்டர் அம்மா, "சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலிக்குதா ஐயா?" என்று கேட்டார்.

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். "ரெண்டு வாய் மென்னாலே தாங்கல டாக்டர். நிறுத்தினா சரியாப் பூடும். இந்தப் பொண்ணு ஆசையா செஞ்சி வெக்குது. சொன்னா மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

என்னால் தலை நிமிர முடியவில்லை.

தலைக்குப் போகும் ரத்தக் குழாயில் அழற்சி இருக்கலாம், விட்டால் கண்ணுக்கு ஆபத்து என்று சொல்லி, டாக்டர் உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். கர்ப்பிணிகளுக்கு எடுப்பார்களே, அதே வகைதான். நெற்றிப்பொட்டில் ஜெல் தடவிக் கருவியை வைத்ததும், திரையில் குழாயைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. "இதுதான் வீக்கம்" என்று ஸ்கேன் டாக்டர் காட்டினார். திரையையே பார்த்துக்கொண்டு நின்ற என் கையை, மாமா படுத்தபடியே பிடித்துக்கொண்டார். "இன்னாத்துக்கு பயந்துகினு கீற? நான் நல்லாத்தான் கீறேன்."

அன்றே ஸ்டீராய்டு மருந்து தொடங்கினார்கள். தாமதித்திருந்தால் பார்வையே போயிருக்கலாம் என்றார்கள். சில நாட்களில் வலி அடங்கியது. குறைந்த அளவில் மருந்து இன்னும் தொடர்கிறது. கண் நன்றாக இருக்கிறது.

தன் வலியைவிட என் மனசைப் பெரிதாக நினைத்த மனிதரை ஒரு மாதம் தப்பாக நினைத்திருந்தேனே என்பது இன்றும் உறுத்துகிறது. யார்மீது வருத்தம் வந்தாலும் இப்போது முதலில் வாய் திறந்து கேட்டுவிடுகிறேன்.