டிராக்டரின் முகம்

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போனில் நான்கு படங்கள் வந்திருந்தன. அண்ணன் மகன் அனுப்பியிருந்தான். நான்கும் டிரெய்லர். டிராக்டர் இழுத்துக்கொண்டு போகிற டிரெய்லர் இல்லை. டிராக்டரையே மேலே ஏற்றிக்கொண்டு போகிற தாழ்வான டிரெய்லர். கூடவே அவன் குரலும் வந்திருந்தது. “சித்தப்பா, இதுல எத வாங்கலாம்? கொக்கி ஆணி போட்டது நல்லதா, பந்து வெச்சது நல்லதா? பாத்துச் சொல்லுங்க.”

மூன்றாவது படத்தில் இருந்த டிரெய்லருக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. ரெட் ஆக்சைடு மட்டும் பூசியிருந்தார்கள். படத்துக்கு வாசனை கிடையாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மூக்கில் ஏறிவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பத்தாவதோடு நிறுத்திவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்த இடம் மந்தாரக்குப்பத்தில் சூசை அண்ணனின் வெல்டிங் பட்டறை. அங்கே எந்நேரமும் இந்த வாசனைதான். சோற்றுத் தூக்கைத் திறந்தால் ரசத்திலும் அதுவே. ஆறேழு வருடம் அங்கே இருந்தேன். வேலை நன்றாக வந்தது, பேச்சுதான் வரவில்லை. யாராவது விலை கேட்டால் கையிலிருக்கிற சுத்தியலைப் பார்த்துப் பதில் சொல்வேன். “இவன் வாயில எவன்டா வெல்டிங் வெச்சது?” என்று சூசை அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டால் பேச வேண்டியதில்லை, பாருங்கள்.

எங்கள் ஊர் நிலக்கரி மைன்ஸுக்குப் போகிறது என்று முடிவாகியிருந்த காலம் அது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை. எங்கள் வீட்டில் அண்ணன் பெயரைக் கொடுத்திருந்தார் அப்பா. மெடிக்கலுக்கு வரச் சொல்லி லெட்டரும் வந்துவிட்டது. அதில் தேறினால் பெர்மனன்ட். எனக்கென்று யாரும் எதையும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற ஆளா நான்?

நிலம் போன பிறகு வீட்டிலிருந்த டிராக்டரை என்ன செய்வது? அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்புகளில் உழவுக்கு டிராக்டர் தேடினார்கள். தார்ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போனால் டயர் கட்டை தேய்ந்துவிடும், பாதி நாள் போய்விடும். அதனால் ஒரு டிரெய்லர் செய்து டிராக்டரை அதில் ஏற்றி, தெரிந்தவரின் பழைய ஜீப்பில் இழுத்துப் போவது. பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

“ஏம்பா, டிராக்டருதான் எல்லாத்தையும் இழுக்கும். உன் டிராக்டரு சொகுசா ஒக்காந்துக்கினு போவுமா?”

“போவட்டுமே. இத்தினி வருசம் எங்களுக்கு ஒழச்சிதில்ல?” என்றான் அண்ணன்.

அண்ணனுக்கு எல்லாரிடமும் பேச வரும். டிரெய்லரின் நீளம், அகலம், பலகைக்குப் பதில் தகடு, ஏற்றி இறக்க இரண்டு இரும்புச் சாய்வுகள் என்று எல்லாவற்றையும் சூசை அண்ணனோடு சண்டை போட்டே முடிவு செய்தான். கொக்கியில்தான் அவசரப்பட்டான். ஜீப்பில் பந்து போல ஒரு உருண்டை, டிரெய்லர் கழுத்தில் அதைக் கவ்விப் பூட்டுகிற கிண்ணம், கூடவே ஒரு சங்கிலி என்று சூசை அண்ணன் சொன்னார். அது வெளியூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். “மெடிக்கலுக்கு முன்னாடி ரெண்டு தோப்ப முடிச்சிடணும் சூசையண்ணே. ஆணி போட்ட கொக்கியே போதும், போட்டுக் குடு” என்றான். மேலிருந்து ஓட்டையில் ஒரு இரும்பு ஆணியைச் செருகினால் முடிந்தது வேலை.

டிரெய்லர் கிளம்புகிற நாள் அண்ணன் ஜீப்பில் ஏறி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சூசை அண்ணன் என்னைத் தனியாகப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, ஒங்கண்ணங்கிட்ட மறக்காம சொல்லு. டிராக்டர ரிவர்சுலதான் ஏத்தணும். கனமெல்லாம் அதுக்குப் பெரிய சக்கரத்துல இருக்குது. அது ஜீப் பக்கம் இருந்தாத்தான் கழுத்து கொக்கிய அமுக்கிக்கினு நிக்கும். மூஞ்சிய முன்னால வெச்சி ஏத்துனா பாரம் வாலுக்குப் போயிடும். எறக்கத்துல வாலு ஆடும், கழுத்து எகிறும், ஆணி உருவிக்கும். சொல்லிடுவ இல்ல?”

தலையாட்டினேன்.

வழியில் சொல்லியிருக்கலாம். ஏற்றும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஊரில் போய்ப் பார்த்தால் தெருவே கூடியிருந்தது. டிராக்டருக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அண்ணன் தானாகவே ரிவர்ஸில்தான் ஏற்ற ஆரம்பித்தான். சாய்வில் அதுதான் அவனுக்கு வசதி. பெரிய சக்கரம் சாய்வில் ஏறியதும் அம்மா குறுக்கே வந்துவிட்டாள்.

“டேய், இன்னாடா பண்ற? மொதமொதலா ஊர வுட்டுப் போற வண்டி, வூட்டத் திரும்பிப் பாத்துக்கினா போவும்? நல்லதாடா அது?”

“அதானே” என்றார்கள் நான்கைந்து பேர். ஊரே கிளம்பப் போகிற நேரம். திரும்பிப் பார்ப்பது என்கிற வார்த்தையே எல்லோருக்கும் பயமாக இருந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே டிராக்டரை இறக்கித் திருப்பினான். மாலை போட்ட முகம் ஜீப்பைப் பார்த்தபடி மேலே ஏறியது.

நான் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கிற கட்டையோடு பக்கத்தில் நின்றேன். “அண்ணே” என்றேன்.

“இன்னாடா?”

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. அம்மா கற்பூரத் தட்டோடு நின்றாள்.

“ஒண்ணுமில்ல.”

ஜீப்பை அண்ணனின் நண்பன் ஒருவன் ஓட்டினான். அண்ணன் சந்தோஷத்தில் டிரெய்லர் மேலிருந்த டிராக்டர் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டான். ஏரிக்கரை முடிந்து மதகுப் பக்கம் ஒரு இறக்கம் வரும். சூசை அண்ணன் சொன்ன வரிசை மாறாமல் நடந்தது. வால் ஆடியது, கழுத்து எகிறியது. ஆணி தார்ரோட்டில் விழுந்த சத்தம் ஜீப்பில் இருந்த எனக்குக் கேட்டது. அண்ணன் குதித்தான். இடது கால் மட்டும் குதித்து முடிக்கவில்லை.

பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். மெடிக்கலில் அன்ஃபிட். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அண்ணன் அப்பாவிடம் சொன்னான்: “தம்பி பேரக் குடுத்துடுப்பா. வூட்டு வேல வூட்டுலயே இருக்கட்டும்.”

அப்படித்தான் நான் பெர்மனன்ட் ஆனேன். குவார்ட்டர்ஸ், போனஸ், ஆஸ்பத்திரி, என் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்தப் பாதிப் பாதத்திலிருந்து வந்தது. அண்ணன் வடலூர் ரோட்டில் பங்ச்சர் கடை வைத்தான். இப்போதும் குந்தி உட்கார முடியாது. ஸ்டூல் போட்டுக் காலை நீட்டிக்கொண்டு டியூப் ஒட்டுகிறான். சூசை அண்ணன் சொல்லி அனுப்பியதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கூச்சத்தால்தான் அன்று வாய் வரவில்லை என்று முப்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாட்களில் நம்புகிறேன்.

சாயங்காலம் பையனைக் கூப்பிட்டேன். “பந்து வெச்சதே வாங்கு. பூட்டும் சங்கிலியும் இருக்குதான்னு பாத்துக்க” என்றேன்.

“சரி சித்தப்பா. அப்பா ஒண்ணு கேக்கச் சொன்னாரு. டிராக்டர எந்தப் பக்கம் பாத்து ஏத்தணும்? ‘சித்தப்பனுக்கு நல்லாத் தெரியும். சூசை அவங்கிட்டதான் சொல்லி அனுப்புனாரு. கேட்டா சொல்லுவான்’னு சொன்னாரு.”

சூசை அண்ணன் செத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்படியானால் அதற்கும் முன்பே அண்ணனுக்குத் தெரியும். அத்தனை தீபாவளிக்கும் என் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, என் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

“எந்தப் பக்கம் சித்தப்பா?”

“ரிவர்சுல ஏத்து” என்றேன். “மூஞ்சி பின்னால பாக்கணும்.”

இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம்.

அந்த இறக்கத்துக்குப் போய் ஒருமுறை நிற்க வேண்டும் போலிருந்தது. எங்கே போவது? ஏரியும் மதகும் தெருவும் இருந்த இடத்தில் இப்போது தரையே இல்லை. அடியில் மைன்ஸ், மேலே வெறும் காற்று. நான் பெல்ட் செக்‌ஷன். எங்கள் ஊரைத் தோண்டிய மண் என் கண் முன்னால்தான் பெல்ட்டில் ஓடி வெளியே போனது. எந்த ஷிஃப்டில் அந்த இறக்கம் போனதென்று தெரியவில்லை. பெல்ட்டில் வருகிறபோது எல்லா மண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும். பையனின் டிராக்டர் இனி தைரியமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகலாம். பார்க்க அங்கே எதுவுமில்லை. குறுக்கே வர அம்மாவும் இல்லை.